வாசகர் கேள்வி – பதில்: கடல் கடந்த வகுப்பறைக்காகத் திரட்டும் பணம்

பிற நாடுகளில் வாழும் ஏழைக் குழந்தைகளின் கல்விக்காக நிதி திரட்டும் மாணவர்களும், அவர்களுடைய பெற்றோரும் ஆசிரியர்களும் எழுதிய கடிதங்கள் இம்முறை மிகுதியாக வந்திருக்கின்றன. மாணவப் பருவத்தில் நானும் இப்பணியில் ஈடுபட்டவன். பின்னர்ப் பல ஆண்டுகள் இத்தகைய மாணவர் குழுக்களின் வரவு செலவைச் சரிபார்த்துக் கொடுத்தவன். அந்த அனுபவத்தைத் துணையாகக் கொண்டு சில கடிதங்களுக்கு விடை தருகிறேன்.

கேள்வி: எங்கள் குழுவில் பதினெட்டு மாணவர்கள் இருக்கிறோம். வேறொரு நாட்டின் சிற்றூர்ப் பள்ளி ஒன்றுக்கு உதவுவதற்காக ஓராண்டாகப் பணம் சேர்த்திருக்கிறோம். அங்குள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பாடநூல்களும் புத்தகப் பைகளும் வாங்கித் தரலாம் என்று பெரும்பான்மையினர் சொல்கிறார்கள். இது நல்ல செலவுதானா?
— கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: நல்ல செலவாக இருக்கக்கூடும். ஆனால் அதைத் தீர்மானிக்கும் தகுதி உங்கள் பதினெட்டுப் பேருக்கும் இல்லை, எனக்கும் இல்லை. அந்தப் பள்ளியின் ஆசிரியர்களுக்கும், அந்தக் குழந்தைகளைப் பெற்றவர்களுக்கும்தான் இருக்கிறது. அவர்களிடம் கேட்டீர்களா என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரியும் இல்லாததால், உங்களுக்குச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

1990களில் கென்யாவின் மேற்குப் பகுதியில் ஒரு தொண்டு நிறுவனம், குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த பள்ளிகளுக்கு அரசின் பாடநூல்களை வழங்கியது. நூல் கிடைத்த பள்ளிகளையும் கிடைக்காத பள்ளிகளையும் மைக்கேல் கிரெமர் உள்ளிட்ட பொருளியலாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தபோது, சராசரி மாணவரின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் தென்படவில்லை. ஏற்கெனவே நன்றாகப் படித்துக்கொண்டிருந்த சிலர் மட்டுமே பயன் பெற்றிருந்தார்கள். காரணம் என்னவென்றால், பாடநூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. அந்தக் குழந்தைகளுள் பலருக்கோ ஆங்கிலம் மூன்றாவது மொழி. நூலைக் கையில் வைத்திருந்தும் அதைப் படித்து விளங்கிக்கொள்ள அவர்களால் இயலவில்லை. கொடுத்தவர்களின் நல்லெண்ணத்தில் எந்தக் குறையும் இல்லை. வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தையிடம் யாரும் கேட்காமல் விட்டதுதான் குறை.

அதே கென்யாவின் அதே பகுதியில் கிரெமரும் எட்வர்ட் மிகுவெலும் நடத்திய மற்றோர் ஆய்வு 2004ஆம் ஆண்டு வெளிவந்தது. பள்ளிக் குழந்தைகளுக்குக் குடற்புழு நீக்க மாத்திரை கொடுத்ததால் பள்ளிக்கு வராமல் நின்றுவிடும் நாட்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்ததாக அந்த ஆய்வு காட்டியது. நிதி திரட்டும் கூட்டங்களில் யாரும் மேடையேறி மாத்திரைக்காகப் பணம் கேட்பதை நான் பார்த்ததில்லை. பையும் நூலும் கண்ணுக்கு அழகாக இருக்கின்றன, மாத்திரை அப்படி இல்லை. இதைப் படித்துவிட்டு நீங்கள் உடனே மாத்திரை வாங்க ஓடிவிடவும் கூடாது. புழுத் தொல்லை பரவலாக உள்ள இடத்தில் பயன் தந்த மருந்து, அத்தொல்லை இல்லாத ஊரில் பயன் தராது.

ஒரு குழந்தை பள்ளிக்கு வராமைக்கு ஊருக்கு ஊர் வேறு வேறு காரணங்கள் இருக்கின்றன. ஓரிடத்தில் கல்விக் கட்டணம் தடையாக இருக்கும்; கட்டணமே இல்லாத மற்றோரிடத்தில் சீருடையும் தேர்வுக் கட்டணமும் தடையாக இருக்கும்; இன்னோரிடத்தில் பள்ளி தொலைவில் இருக்கும், அல்லது பெண் குழந்தைகளுக்குக் கதவுள்ள ஒரு கழிப்பறை இருக்காது. வங்கதேச அரசு 1994இல் நாடு முழுவதும் விரிவுபடுத்திய உதவித்தொகைத் திட்டம், உயர்நிலைப் பள்ளியில் சேரும் கிராமப்புறப் பெண்களுக்கு மூன்று நிபந்தனைகளோடு பணம் கொடுத்தது. குறைந்தது 75 விழுக்காடு வருகை வேண்டும், 45 விழுக்காடு மதிப்பெண் வேண்டும், படிக்கும் காலத்தில் திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்பன அவை. மூன்றாவது நிபந்தனையைக் கவனியுங்கள். அந்த ஊர்களில் பெண்களின் படிப்பு எங்கே அறுபடுகிறது என்பதை அறிந்தவர்களால்தான் அப்படி ஒரு நிபந்தனையை எழுத முடியும்.

கட்டணத்தை நீக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் இல்லை. 1994இல் மலாவி அரசு தொடக்கக் கல்விக்கான கட்டணத்தை நீக்கியபோது, பள்ளியில் சேர்ந்த குழந்தைகளின் எண்ணிக்கை சுமார் 19 லட்சத்திலிருந்து ஏறத்தாழ 30 லட்சமாக உயர்ந்தது. அத்தனை குழந்தைகளுக்கு வேண்டிய வகுப்பறைகளும் பயிற்சி பெற்ற ஆசிரியர்களும் இல்லாததால், நூற்றுக்கு மேற்பட்ட குழந்தைகள் ஓர் ஆசிரியர் முன் உட்கார்ந்திருந்த வகுப்புகளை அந்நாடு நெடுங்காலம் தாங்க வேண்டியிருந்தது.

ஆகவே, வாங்குவதற்கு முன் அந்தப் பள்ளிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். உங்களுக்கு என்ன வேண்டும் என்று பொதுவாகக் கேட்டால், கொடுப்பவர் மனம் கோணாத விடைதான் வரும். சென்ற ஆண்டு எத்தனை குழந்தைகள் இடையில் நின்றார்கள், எந்த வகுப்பில் நின்றார்கள், எந்த மாதத்தில் நின்றார்கள், ஏன் நின்றார்கள் என்று கேளுங்கள். அந்த விடையைப் படித்த பின்பும் பாடநூல்தான் தேவை என்று தோன்றினால், எந்த மொழியில் என்பதையும் கேட்டுவிட்டு, முடிந்தவரை அந்நாட்டிலேயே வாங்கிக் கொடுங்கள்.

கேள்வி: என் மகள் மற்ற மாணவிகளோடு சேர்ந்து வீடு வீடாகச் சென்று, முகம் தெரியாத குழந்தைகளுக்காகப் பணம் கேட்கிறாள். நோக்கம் உயர்ந்ததாகவே இருந்தாலும், இளம் வயதில் பிறரிடம் கை நீட்டிப் பழகுவது நல்லதா என்று எனக்குக் கலக்கமாக இருக்கிறது.
— ஒரு தந்தை

பதில்: ஐயா, தங்கள் கலக்கம் எனக்குப் புரிகிறது. தனக்காகக் கை நீட்டுவதும், தன் குரல் எட்டாத இடத்தில் இருக்கும் இன்னொருவருக்காகக் கை நீட்டுவதும் ஒன்றல்ல என்றே நான் கருதுகிறேன். 1950இல் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகருக்கு அருகே சில குழந்தைகள், தங்களுக்குத் தின்பண்டம் கேட்டு வீடு வீடாகச் செல்லும் ஒரு திருநாளில், பிற நாட்டுக் குழந்தைகளுக்காகக் காசு கேட்டுச் சென்று 17 டாலர் சேர்த்து யுனிசெஃப் அமைப்புக்கு அனுப்பினார்கள். அந்தச் சிறு தொகையிலிருந்து வளர்ந்த வழக்கம் இன்றும் அந்நாட்டில் தொடர்கிறது.

இருந்தாலும் கேட்பதைவிட உழைத்துக் கொடுப்பது மாணவர்களுக்குக் கூடுதலான நிமிர்வைத் தருகிறது என்பதில் நான் தங்கள் பக்கமே நிற்கிறேன். நார்வே நாட்டுப் பள்ளி மாணவர்கள் 1964 முதல் ‘ஆப்பரேஷன் தாக்ஸ்வெர்க்’ என்ற பெயரில் ஓர் இயக்கத்தை நடத்தி வருகிறார்கள். ஆண்டில் ஒரு நாள் பள்ளிக்குச் செல்லாமல் ஏதேனும் ஒரு வேலையைச் செய்து, அந்த ஒரு நாள் கூலியைப் பிற நாட்டு இளைஞர்களின் கல்விக்குக் கொடுக்கிறார்கள். எந்த நாட்டின் எந்தத் திட்டத்துக்குப் பணம் செல்ல வேண்டும் என்பதையும் மாணவர் பிரதிநிதிகளே வாக்களித்து முடிவு செய்கிறார்கள். அந்த நாட்டைப் பற்றி வகுப்பில் படிக்கவும் செய்கிறார்கள். தங்கள் மகளின் குழுவும் இப்படி ஒரு நாள் உழைப்பை மேற்கொள்ளலாம் என்று எடுத்துச் சொல்லுங்கள். அதற்கு முன், அவள் யாருக்காகக் கேட்கிறாள் என்பதை உட்கார்ந்து பத்து நிமிடம் தங்களிடம் விளக்கச் சொல்லுங்கள். அவளால் தெளிவாக விளக்க முடிந்தால், தங்கள் கலக்கத்தில் பாதி தீர்ந்துவிடும்.

கேள்வி: எங்கள் மாணவர்கள் திரட்டிய தொகை தற்போது ஒரு மாணவரின் சொந்த வங்கிக் கணக்கில் இருக்கிறது. அதை யாருக்கு, எந்த வழியாக அனுப்புவது பாதுகாப்பானது?
— குழுவின் பொறுப்பாசிரியர்

பதில்: முதலில் அந்த மாணவரின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துவிடுங்கள். அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், அவருடைய சொந்தச் செலவும் பொதுப்பணமும் ஒரே கணக்கில் கலந்திருக்கும் ஒவ்வொரு நாளும் அவருக்கே ஆபத்தானது. கல்வி நிறுவனத்தின் பெயரிலோ, குழுவின் பெயரிலோ, இருவர் கையொப்பமிட்டால்தான் பணம் எடுக்க முடியும் என்ற ஏற்பாட்டுடன் தனிக் கணக்குத் தொடங்குங்கள். உண்டியலை இருவர் முன்னிலையில் திறந்து எண்ணி, இருவரும் கையொப்பமிட வேண்டும். ரசீதுப் புத்தகத்துக்கு வரிசை எண் வேண்டும். கிழித்துப் போட்ட ரசீதைக்கூடத் தூக்கி எறியாமல் அடிக்கட்டையோடு சேர்த்து ஒட்டிவைக்க வேண்டும் என்று நான் மாணவர்களிடம் வற்புறுத்துவது உண்டு. பிற்காலத்தில் சந்தேகம் எழுந்தபோது அந்தக் கிழிந்த தாள்கள் சிலரைக் காப்பாற்றியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

யாருக்கு அனுப்புவது என்பதில், உங்கள் நாட்டின் சட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது, பெறும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். பல நாடுகள் வெளிநாட்டு நன்கொடையைத் தனிச் சட்டத்தின் கீழ் வைத்திருக்கின்றன. எடுத்துக்காட்டாக, இந்தியாவில் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்புதான் அத்தகைய நன்கொடையை வாங்கலாம். 2020இல் செய்த திருத்தத்துக்குப் பின், அந்தப் பணம் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் அறிவிக்கப்பட்ட கிளையில் உள்ள கணக்குக்கே வந்து சேர வேண்டும். பெற்ற அமைப்பு அதை வேறோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. இதை அறியாமல், தெரிந்த ஆசிரியர் ஒருவரின் சொந்தக் கணக்குக்கு அன்போடு பணம் அனுப்பிவைத்தால், அந்த ஆசிரியரைத்தான் சிக்கலில் மாட்டிவிடுவோம். எனவே பெறும் அமைப்பின் பதிவுச் சான்றையும், தணிக்கை செய்யப்பட்ட முந்தைய ஆண்டுக் கணக்கையும், குழந்தைகளின் பாதுகாப்புக்காக அவர்கள் எழுதிவைத்திருக்கும் விதிகளையும் கேட்டு வாங்குங்கள். நேர்மையான அமைப்பு இவற்றைக் கேட்டால் கோபித்துக்கொள்ளாது.

அனுப்பும் செலவையும் மறந்துவிடாதீர்கள். வெளிநாட்டில் உழைப்பவர்கள் தம் நாட்டுக்குப் பணம் அனுப்புவதற்கான செலவை 2030க்குள் 3 விழுக்காட்டுக்கும் கீழே கொண்டுவர வேண்டும் என்பது ஐக்கிய நாடுகள் அவையின் நிலைத்த வளர்ச்சி இலக்குகளுள் ஒன்று. ஆனால் 200 டாலர் அனுப்புவதற்கான உலகச் சராசரிச் செலவு இன்னும் 6 விழுக்காட்டுக்கு மேல்தான் இருந்து வருகிறது. இடையில் உள்ள வங்கிகள் பிடித்தம் செய்வதும், நாணய மாற்று விகிதத்தில் கழிவதும் உண்டு. மாதந்தோறும் சிறிது சிறிதாக அனுப்புவதைவிட, அந்நாட்டின் பள்ளிப் பருவம் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பாக மொத்தமாக அனுப்புவது சிக்கனமானது. கட்டணம் கட்ட வேண்டிய நாளில் பணம் அங்கே இருக்கும். எவ்வளவு அனுப்பினீர்கள், எவ்வளவு போய்ச் சேர்ந்தது என்னும் இரண்டு எண்களையும் நன்கொடையாளர்களுக்குக் காட்டுங்கள்.

கேள்வி: அழுக்கு உடையோடு அழுதுகொண்டிருக்கும் ஒரு குழந்தையின் படத்தைச் சுவரொட்டியில் போட்டால்தான் பணம் வரும் என்று எங்கள் குழுத் தலைவர் சொல்கிறார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் தவறாக நினைக்கிறேனா?
— ஒரு மாணவி

பதில்: இல்லை அம்மா, உங்கள் மனம் சரியாகத்தான் தடுக்கிறது. அந்தக் குழந்தை நாளை வளர்ந்து பெரியவளாகி, படித்து, ஒரு வேலைக்கு விண்ணப்பிக்கும் நாளிலும் அந்தப் படம் இணையத்தில் எங்கேனும் கிடக்கும். தன் வாழ்வின் மிகத் தாழ்ந்த ஒரு நொடியை உலகம் முழுவதும் காட்டுவதற்கு அவள் இசைவு தந்தாளா? உதவி பெறும் நிலையில் இருக்கும் பெற்றோரிடம் இசைவு கேட்டால், மறுத்தால் உதவி நின்றுவிடுமோ என்ற அச்சத்திலேயே தலையசைப்பார்கள். அதை முழு இசைவாக நான் ஏற்கமாட்டேன்.

ஐரோப்பியத் தொண்டு நிறுவனங்களின் கூட்டமைப்பான கன்கார்ட் 2006இலேயே படங்களுக்கும் செய்திகளுக்குமான நடத்தை விதிகளை வகுத்துக்கொண்டது. படத்தில் இருப்பவரின் மாண்பைக் காக்க வேண்டும், ஒரு நாட்டு மக்களையே இரக்கத்துக்குரியவர்களாகக் காட்டும் பொதுமைப்படுத்தலைத் தவிர்க்க வேண்டும் என்பன அதன் சாரம். 2012இல் நார்வே மாணவர்களின் தொண்டு அமைப்பு ஒன்று, குளிரில் நடுங்கும் நார்வே மக்களுக்காக ஆப்பிரிக்க இளைஞர்கள் வெப்பமூட்டும் கருவிகளைத் திரட்டி அனுப்புவது போல ஒரு காணொலியை வெளியிட்டது. தங்களை அப்படிக் காட்டினால் எப்படி இருக்கும் என்பதைப் பார்ப்பவர்களுக்கு உணர்த்துவதே அதன் நோக்கம். உங்கள் தலைவரிடம் இந்தக் கேள்வியைக் கேளுங்கள்: அவருடைய தங்கையின் அழுத முகத்தைச் சுவரில் ஒட்ட அவர் சம்மதிப்பாரா? குழந்தையின் முகமும் பெயரும் ஊரும் இல்லாமலேயே, ஓர் ஆண்டின் படிப்புக்கு எவ்வளவு தேவை, அதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பதை மட்டும் தெளிவாக எழுதிய சுவரொட்டிக்கும் மக்கள் பணம் கொடுக்கிறார்கள்.

கேள்வி: திரட்டிய பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து நாங்களே அங்கு சென்று, ஓர் அநாதை இல்லத்தில் இரண்டு வாரம் பாடம் நடத்த விரும்புகிறோம். போகலாமா?
— மாணவர் மூவர்

பதில்: வேண்டாம். கல்விக்கென்று மக்கள் கொடுத்த பணம் உங்கள் விமானப் பயணத்துக்கு உரியதன்று. மேலும், கம்போடியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வின்படி, இல்லங்களில் இருந்த குழந்தைகளுள் நான்கில் மூன்று பங்கினருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தார்கள். வெளிநாட்டுப் பார்வையாளர்களின் பணம், அத்தகைய இல்லங்கள் பெருகுவதற்கு ஒரு காரணமாக இருந்தது. இரண்டு வாரம் பழகிவிட்டுப் பிரிந்து போகிறவர்களை ஆண்டு முழுவதும் மாறி மாறிப் பார்க்கும் குழந்தையின் மனநிலையையும் எண்ணிப் பாருங்கள். அந்த ஊரில் ஆசிரியர் பயிற்சி பெற்றவர் ஒருவருக்கு ஓராண்டு ஊதியம் கொடுக்க உங்கள் பயணச் செலவு போதுமா என்று கணக்கிட்டுப் பார்க்கலாம்.

கேள்வி: மூன்று ஆண்டுகளுக்கு முன் வெளிநாட்டைச் சேர்ந்த ஒரு சிறுமியின் படிப்புச் செலவை எங்கள் குழு ஏற்றுக்கொண்டது. அப்போது அவள் ஆறாம் வகுப்பில் இருந்தாள். இவ்வாண்டு நாங்கள் பட்டம் பெற்று வெளியேறுகிறோம். அடுத்து வரும் மாணவர்களுக்கு ஆர்வம் இல்லை. நாங்கள் என்ன செய்ய வேண்டும்?
— இறுதியாண்டு மாணவி

பதில்: இந்தக் கடிதத்தைப் படித்தபோது என்னுடைய பழைய தவறு ஒன்று நினைவுக்கு வந்தது, அதை மறைக்காமல் எழுதுகிறேன். நான் மாணவனாக இருந்தபோது எங்கள் குழு ஒரு பள்ளியில் நான்கு பிள்ளைகளின் கட்டணத்தை ஏற்றுக்கொண்டது. தேர்வுகள் வந்தன, தலைமை ஏற்றிருந்த இருவர் மேற்படிப்புக்குச் சென்றார்கள், இரண்டாம் ஆண்டின் நடுவில் பணம் அனுப்புவது நின்றுபோனது. நிறுத்துகிறோம் என்று ஒரு கடிதம்கூட நாங்கள் எழுதவில்லை. எட்டு மாதங்கள் கழித்து அந்தப் பள்ளியின் தலைமையாசிரியரிடமிருந்து கடிதம் வந்தது. அதில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. நாங்கள் நலமாக இருக்கிறோமா என்று விசாரித்துவிட்டு, ஒரு பருவத்துக்குத் தம் ஊதியத்திலிருந்து கட்டணம் கட்டியதாகவும், அடுத்த பருவத்துக்கு இயலாததால் இரண்டு பிள்ளைகள் நின்றுவிட்டதாகவும் எழுதியிருந்தார். அந்தக் கடிதத்தை இன்றும் வைத்திருக்கிறேன்.

ஒரு குழந்தையின் படிப்பை ஏற்பது பயன் தருமா என்றால், தரும். பொலிவியா, குவாத்தமாலா, இந்தியா, கென்யா, பிலிப்பைன்ஸ், உகாண்டா ஆகிய ஆறு நாடுகளில் அத்தகைய உதவி பெற்று வளர்ந்தவர்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, அவர்கள் மற்றவர்களைவிட ஓராண்டு முதல் ஒன்றரை ஆண்டு வரை கூடுதலாகப் படித்திருந்ததைக் கண்டறிந்தது. ஆனால் அந்தப் பிள்ளைகள் பல ஆண்டுகள் இடையறாது உதவி பெற்றவர்கள். மாணவர் குழுவின் ஆயுளோ மூன்று அல்லது நான்கு ஆண்டுகள். குழந்தையின் பள்ளிப் படிப்புக்குப் பத்து, பன்னிரண்டு ஆண்டுகள் வேண்டும். இந்தக் கணக்கு ஒத்துப்போகாது என்பதைத் தொடக்கத்திலேயே எண்ணிப் பார்க்காததுதான் எங்களைப் போன்ற பலரின் பிழை.

உங்களுக்கு இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. இன்றே அந்தப் பள்ளிக்கும், இடையில் உள்ள தொண்டு அமைப்புக்கும் உங்கள் நிலையை உள்ளபடி எழுதுங்கள். முன்கூட்டிச் சொல்லும் கெட்ட செய்தி, பிந்தி வரும் மௌனத்தைவிட அவர்களுக்கு எவ்வளவோ மேல். அவள் இப்போது படிக்கும் நிலை எந்த வகுப்போடு முடிகிறது, அதுவரை எவ்வளவு தேவை என்று கேட்டறிந்து, வெளியேறும் முன் நீங்கள் நடத்தும் கடைசி நிதி திரட்டலை அந்த ஒரு நோக்கத்துக்காக மட்டும் நடத்துங்கள். வேறு எந்தப் புதிய வேலையையும் இவ்வாண்டு தொடங்காதீர்கள். வெளியேறும் மாணவர்களுள் எத்தனை பேர் வேலைக்குச் செல்கிறார்கள் என்று கணக்கெடுத்து, முதல் ஊதியத்திலிருந்து மாதந்தோறும் ஒரு சிறு தொகை தாமாகவே கணக்கில் சேரும்படி இப்போதே வங்கியில் ஏற்பாடு செய்து வையுங்கள்; பிரிந்து போன பின்பு ஒவ்வொருவரையும் நினைவூட்டிக் கேட்பது நடவாத காரியம்.

புதிய மாணவர்களை அவளுடைய படிப்புக்குப் பொறுப்பேற்கும்படி கட்டாயப்படுத்த வேண்டாம். அவர்கள் ஆர்வத்தோடு முன்வந்தால், தனிக் குழந்தையை ஏற்காமல், அந்தப் பள்ளியின் பொது நிதிக்கு ஒவ்வோர் ஆண்டும் இயன்றதைக் கொடுக்கும் முறையை அவர்களுக்குப் பரிந்துரையுங்கள். ஓராண்டில் தொகை குறைந்தாலும் ஒரு தனிக் குழந்தையின் நாற்காலி காலியாகாது.

அந்தச் சிறுமிக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். தலைமையாசிரியர் வழியாக அனுப்புங்கள். நீங்கள் படிப்பை முடித்து வெளியேறுகிறீர்கள் என்பதையும், அவளுடைய படிப்பு எந்த வகுப்பு வரை உறுதி செய்யப்பட்டிருக்கிறது என்பதையும் அவளுக்குப் புரியும் சொற்களில் சொல்லுங்கள். அவளிடம் நன்றிக் கடிதம் எதையும் கேட்காதீர்கள்.